வேண்டாம் என்கிற வசனம்

"இந்த நாற்காலி எனக்கு வேண்டாம்" என்று செண்பகவல்லி ஐந்தாவது தடவையாகச் சொல்லி முடித்தபோது, திரையில் இருந்த முதலமைச்சரின் வாய் இன்னும் மூடியிருக்கவில்லை. அரை நொடி முந்திவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் லாரன்ஸ் தலையை ஆட்டுவது மங்கலாகத் தெரிந்தது. பிறகு ஹெட்போனில் அவன் குரல், "அக்கா, கொஞ்சம் முன்னாடி போயிட்டீங்க, இன்னொண்ணு போயிடலாம்." போயிடலாம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு வரிக்கு மூன்று டேக்குக்கு மேல் வாங்கியவள் இல்லை அவள். சாலிகிராமத்தில் எந்த டப்பிங் தியேட்டரில் கேட்டாலும் சொல்வார்கள், செண்பகாக்கா வந்தா மத்தியானத்துக்குள்ள ஹீரோயின் முடிஞ்சிரும் என்று. இன்றைக்கு என்ன வந்தது? தொண்டையில் ஒன்றும் இல்லை, காலையில் உப்பு வெந்நீரில் கொப்பளித்துவிட்டுத்தான் வந்தாள். தொண்டையில் இல்லை, பையில் இருக்கிறது. பை வெளியே மேஜை மேல், அணைத்துவைத்த போனோடு. பைக்குள் நாலாக மடித்த ஒரு தாள். மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்பதற்குப் போட்ட மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று அச்சடித்த தாள். கீழே அவள் கையெழுத்து, காலை ஏழே முக்காலுக்குப் போட்டது. மதியம் மூன்று மணிக்குள் மண்டல அலுவலகத்தில் அவளே நேரில் போய்க் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான், கொடுத்துவிட்டால் பத்து நாள் பாடு முடிந்தது. ஒன்றரைக்கெல்லாம் வந்துவிடுவேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தாள். இப்போது மணி என்ன? இந்த அறைக்குள் கடிகாரம் கிடையாது. திரையின் அடியில் ஓடுகிற எண்கள் படத்தின் நேரத்தைத்தான் காட்டும். படத்தில் இரண்டு மணி எட்டு நிமிஷம். படம் முடிய ஏழு நிமிஷம் இருக்கிறது.

டைரக்டர் ஹரிகிருஷ்ணன் மைக்கில் வந்தார். நல்ல மனிதர், யாரையும் அதட்டாதவர். "அம்மா, எமோஷன் சரியா இருக்கு, ஆனா கோபம் தெரியுது. கோபம் வேண்டாம். அவங்க தோத்துப்போய் விடலை, மனசார விடுறாங்க. ஒரு அம்மா தன் தட்டுல இருக்கிறதை எடுத்துப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி." தட்டில் இருப்பதை எடுத்துப் பிள்ளைக்கு. செண்பகவல்லி தலையை ஆட்டினாள், திரையில் முதலமைச்சராக நடிக்கிற அந்த வடக்கத்திப் பெண் மறுபடி எழுந்தாள். மஞ்சள் கரை போட்ட வெள்ளைப் பருத்திச் சேலை, கழுத்தில் ஒன்றுமில்லை, பின்னால் சபாநாயகரின் உயரமான ஆசனம், இருபுறமும் எழுந்து நிற்கிற உறுப்பினர்கள். இரண்டு மணி நேரமாக அவள் என்னவெல்லாம் செய்தாள்! புருஷன் செத்த பதினாறாம் நாள் கட்சிக்காரர்கள் அவளைக் கொண்டுவந்து பொம்மையாக உட்கார வைத்தார்கள். பொம்மை மெல்ல மெல்லக் கண் திறந்தது. கோப்பைப் படித்தது. இரண்டு மந்திரிகளை வீட்டுக்கு அனுப்பியது. மணல் லாரியை மறித்தது. இடைவேளைக்கு முன்னால் ஒரு வசனம், தியேட்டர் கிழியும் என்று லாரன்ஸே சொன்னான், அதை ஒரே டேக்கில் பேசிக் கொடுத்தாள். அதெல்லாம் போன வாரம். அப்போது மனுவே போட்டிருக்கவில்லை, அல்லது அன்றைக்குத்தான் போட்டாளா? அந்த வசனம் பேசிய சாயங்காலம்தானே குடியிருப்புத் தோழி கைருன்னிசா, தேர்தலில் நில் என்று வந்து கதவைத் தட்டினாள்? எது முந்தி, எது பிந்தி? வசனம் பேசிய சூட்டில் சரி என்று சொல்லிவிட்டாளோ? அது யாருடைய சரி? பீப், பீப், பீப். மூன்றாவது பீப்புக்குப் பிறகு வாயைத் திறக்க வேண்டும். "இந்த நாற்காலி எனக்கு வேண்டாம்... எனக்கு என் பிள்ளைங்க போதும்." இந்த முறை கேவல் தானாக வந்தது. நிஜக் கண்ணீர், மூக்கில் நீர். ஆறாவது டேக். "சூப்பர்ம்மா" என்றார் டைரக்டர். பிறகு, "சேஃப்டிக்கு ஒண்ணு போயிடலாமா? அழுகையைக் கொஞ்சம் குறைச்சு?"

குறைக்கலாம், கூட்டலாம், அவளுக்குத் தெரியாததா? ஒவ்வொரு பெண்ணுக்கும் உடம்பில் ஒரு இடம் இருக்கிறது. காதலி மேல் அண்ணத்தில் இருக்கிறாள். அம்மா நெஞ்சுக்கூட்டில். விதவை மூச்சில் இருக்கிறாள், சொல்லில் பாதி, காற்றில் பாதி. அதிகாரம் பண்ணுகிற பெண் என்றால் மூக்கு, மூக்கிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்து கடைசி எழுத்தை இழுத்தால் போதும், தியேட்டரில் இருக்கிறவனுக்கு இவளை எப்போது அறைவார்கள் என்று கை அரிக்க ஆரம்பித்துவிடும். பெண் மந்திரி, பெண் மேயர், மில் முதலாளியம்மா, பஞ்சாயத்துத் தலைவி என்று எத்தனை பேருக்கு அந்த மூக்கைக் கொடுத்திருக்கிறாள்! எத்தனை பேருக்காக அறை வாங்கிய "ஆ"வையும் கொடுத்திருக்கிறாள்! அறை வாங்கியபின் குரல் அண்ணத்துக்கு ஏறிவிட வேண்டும், அது கணக்கு. நல்ல பெண்ணுக்கு நாற்காலி கொடுத்தால் அவள் சாமியாகிவிடுவாள், சாமிக்குத் தொப்புளில் இருந்து பேச வேண்டும், எதிரொலி லாரன்ஸ் போட்டுக்கொள்வான். சாமி கடைசியில் மலையேறிவிடும், அதுதான் இப்போது நடக்கிறது, மலையேறுகிறாள், போகிற போக்கில் திருநீறு மாதிரி நாற்காலியைக் கதாநாயகன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவன் அவளுடைய கொழுந்தன். வேண்டாம் அண்ணி என்று அவன் ஒரு தடவை சொல்வான், ஒரே தடவை. வேண்டாம். எத்தனை வேண்டாம் சொல்லியிருப்பாள் இந்த மைக்கில்? வேண்டாம் விட்டுடு. வேண்டாம் அத்தான், அவன் பொல்லாதவன். எனக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். வேண்டாம் என்பதற்கு அவளிடம் முப்பது வகை இருந்தது. வேண்டும் என்பதற்கு? எதையாவது வேண்டும் என்று கேட்ட பெண்ணுக்குப் பேசினேனா என்று தேடிப் பார்த்தாள். குழந்தை வேண்டும், தாலி வேண்டும், நியாயம் வேண்டும். நியாயம் என்றால் வில்லனைக் கொல்வது. இந்தச் சாக்கடைக்கு மூடி வேண்டும், எத்தனை நாளில் போடுவாய் என்று கேட்கிற பெண்ணுக்கு உடம்பில் எந்த இடம்? டேக் ஏழு. வாய் பிந்திவிட்டது. எட்டு. "அக்கா, தண்ணி குடிச்சுக்கோங்க."

தண்ணி. தண்ணியில்தான் எல்லாமே ஆரம்பித்தது. வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் சித்திரை மாதம் முழுக்கக் குழாயில் வந்த தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் வந்தது, பிறகு நாற்றம், பிறகு மூன்றாம் மாடிக் கைருன்னிசாவின் மகளுக்கு மஞ்சள் காமாலை. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பெண் குழந்தையின் கண்வெள்ளை எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்ததைச் செண்பகவல்லி போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து சாம்பார் கொதிக்கையில் அதன் நிறத்தைப் பார்க்க முடியவில்லை. ஒன்பது பெண்கள் குடிநீர் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி போனைப் பார்த்துக்கொண்டே, எழுதிக் கொடுத்துட்டுப் போங்கம்மா என்றார். நாலு தடவை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அப்போது செண்பகவல்லிக்கு வாயில் ஒரு பேச்சு வந்தது. "சார், போனைக் கீழ வைங்க. நான் உங்ககிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன்." அது அவள் பேச்சு இல்லை. ஏழெட்டு வருஷம் முன்னால் ஒரு படத்தில் ஒரு பெண் கலெக்டருக்குக் கொடுத்த குரல், தாழ்வாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் காற்று விட்டு. அந்தக் கலெக்டர் படத்தில் கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிடுவாள், அது வேறு. அதிகாரி போனைக் கீழே வைத்தார். மறுநாள் ஆள் வந்து தோண்டினார்கள். சாக்கடைக் குழாய் உடைந்து நல்ல தண்ணீர்க் குழாயோடு கலந்திருந்தது. எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ நில்லுக்கா" என்றாள் கைருன்னிசா. "இந்த வாட்டி பொம்பளைங்க வார்டுதான். நீ பேசினா அவன் எந்திரிச்சு நிக்கறான்." அவன் எழுந்து நின்றது யாருக்கு? எனக்கா, அந்தக் கலெக்டருக்கா? அன்றைக்கு ராத்திரியெல்லாம் இதே கேள்வி. கடன் வாங்கின நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி இருந்தது. நாளைக்கு மேடையில் நின்றால், மாமன்றத்தில் எழுந்தால், எந்தக் குரல் வரும்? ஒன்றுமே வராமல் போனால்? எதிரே இருக்கிறவர்கள் சிரித்தால் வாய் எதற்குப் போகும், மூக்குக்கா, நெஞ்சுக்கா? ஒன்பது. ஒன்பதாவது டேக்கில் "நாற்காலி" என்பது "நாக்காலி" என்று வந்துவிட்டது. கோவில்பட்டி நாக்கு, இத்தனை வருஷம் கழித்து எங்கிருந்து வந்தது என்று லாரன்ஸ் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு ஆண்டுவிழாவில் அவள் ராஜாவாக நடித்தாள். குரல் கட்டை என்பதால் அவளுக்கு ராஜா வேஷம். சிவப்பு வெல்வெட் போர்த்திய மர நாற்காலி, அட்டைக் கிரீடம், நெற்றியில் உறுத்திய குண்டூசி. அமைச்சரே, மாதம் மும்மாரி பொழிகிறதா? அதைக் கேட்டபோது கூட்டம் கைதட்டியதா, சிரித்ததா என்று ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா, பொட்டப்பிள்ளைக்கு இந்தக் குரல் ஆகாது, மெதுவாப் பேசு என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மெதுவாகப் பேசப் பழகினாள். பழகிய மெதுவும் பழைய கட்டையும் சேர்ந்ததுதான் இந்தத் தொழிலில் சோறு போட்டது. ஆகையால் அப்பாவைத் திட்டவும் முடியாது. திட்ட முடியாத ஆட்களாகவே வாய்க்கிறார்கள். பூபாலன்கூட அப்படித்தான். பெரிய கட்சி ஒன்றின் வட்டச் செயலாளர், முந்தாநாள் வீட்டுக்கு வந்தார், செருப்பை வெளியே விட்டு, அம்மா என்று கூப்பிட்டு, காபியைத் தரையில் வைக்காமல் கையிலேயே வைத்துக் குடித்தார். "அம்மா, நீங்க நிக்கிறது உங்க உரிமை. நான் ஒண்ணும் சொல்ல வரலை. எங்க வீட்லயும் இந்த முறை நிக்கிறாங்க, உங்க ஆசீர்வாதம் வேணும்." பிறகு எழுந்து, வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டே அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் பக்கம் திரும்பி, "சார், ஜெராக்ஸ் கடை நல்லா ஓடுதா? முன்னாடி கூரை கொஞ்சம் நடைபாதைல நீட்டிக்கிட்டு இருக்குல்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு படிக்கட்டில் இறங்கிப்போன பிறகும் வீட்டில் இருந்தது. வேட்புமனுவின் மூன்று பிரதிகளையும் தன் கடையிலேயே, நல்ல தாளாகப் பார்த்து எடுத்துக் கொண்டுவந்து, பேனாவையும் நீட்டியவர் ஆவுடையப்பன். அவர் பூபாலன் வந்த அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள், "நமக்கு எதுக்கு செண்பகம்?" என்றார். இன்றைக்குக் காலையில் அதே கடை, அதே தாள், அதே பேனா. கோபப்பட்டிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அவர் தாளின் மூலையைத் தடவித் தடவி நேராக்கிக்கொண்டிருந்தார். பயந்து நிற்கிற மனிதனோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது என்ன நினைத்தாள்? தோசைக்கல்லை இறக்க வேண்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான். அதுதான் பயமாக இருக்கிறது, மனுப் போட்டபோதும் வேறு எதையோதான் நினைத்துக்கொண்டிருந்தாள், சேலையில் மை பட்டுவிடக் கூடாதே என்று.

பத்து. பதினொன்று. கதவு மெல்லத் திறந்தது. மதுவந்தி, வசனத்தில் உதவுகிறவள், காலை நீட்டி வைத்து ஒயரைத் தாண்டி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், கண்ணாடி போட்டவள், செண்பகவல்லி பேசுகிறபோதெல்லாம் கூடவே வாயசைப்பவள். "மேடம், உங்க சார் வந்திருக்கார். வெளிய உக்காந்திருக்கார்." "மணி என்னம்மா?" "ரெண்டு பத்து." இரண்டு பத்து. இங்கிருந்து மண்டல அலுவலகம் ஸ்கூட்டரில் கால் மணி நேரம். ரெண்டரைக்குக் கிளம்பினாலும் போதும். "இந்த வரியை முடிச்சிட்டு வந்திடறேன்னு சொல்லு." மதுவந்தி போகாமல் நின்றாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். மைக் அணைந்திருக்கிறதா என்று கண்ணாடிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "முதல்ல எழுதினப்ப இந்த வரியே இல்ல மேடம்" என்றாள். "முதல்ல அவங்க ராஜினாமா பண்ண மாட்டாங்க. பட்ஜெட் வாசிச்சு முடிச்சு, கண்ணாடியைக் கழட்டி வச்சு, அடுத்துன்னு கேப்பாங்க. அதோட படம் முடியும். அடுத்து. அவ்வளவுதான்." "அப்புறம் ஏன்?" "எல்லாருக்கும் பிடிச்சிருந்தது. ஆனா கொழுந்தனா நடிக்கிறவர் கதை கேட்டுட்டு, கடைசில நான் என்ன பண்றேன்னு கேட்டார்." மதுவந்தி சிரித்தாள், சிரிப்பு சரியாக வரவில்லை. "நானே எழுதினேன் மேடம் இந்த வரியை. நாலு நாள். நல்லா எழுதிட்டேன் போல. எழுதும்போது எனக்கே அழுகை வந்திச்சு. அதான் எனக்குப் புரியலை." செண்பகவல்லிக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, எனக்கும்தான், ஆறாவது டேக்கில் எனக்கும் வந்தது, அது எங்கேயிருந்து வந்தது, பொய்யாக இருந்தால் கண்ணீர் வருமா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. விடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை ஏன் மறைக்க வேண்டும்? கையில் இருக்கிற பாத்திரத்தைக் கீழே வைத்தால் தோளில் ஒரு லேசு வருமே, அது. தட்டில் இருப்பதை எடுத்து வைத்துவிட்டு, நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன் என்று சொல்கிறபோது வருகிற ஒரு பெருமை. அது சொல்லிக் கொடுத்த பெருமையா, உள்ளது தானா? யாராவது சொன்னால் தேவலை. ஹெட்போனில் லாரன்ஸ் கூப்பிட்டான், மதுவந்தி போய்விட்டாள்.

பன்னிரண்டில் மூச்சு இடறியது. பதின்மூன்றில் சேர்ந்துவிட்டது, முதல் எழுத்திலிருந்தே வாயோடு வாய் சேர்ந்துவிட்டது, இன்னும் ஒரு சொல்தான் பாக்கி, "போதும்" என்ற சொல். அந்த இடத்தில் அவள் வேண்டுமென்றே நிறுத்தினாளா? இல்லை. தானாக நின்றது. இருமல் வந்தது. நிஜமாகவே வந்ததா? "ஸாரி லாரன்ஸ்." "பரவால்லக்கா." பதினாலு. பதினைந்தில் பூபாலன் வீட்டுக்காரி ஞாபகம் வந்தாள். மனுப் போடப் போன அன்று மண்டல அலுவலக வராந்தாவில் அம்சவேணி நின்றுகொண்டிருந்தாள், பட்டுச் சேலை, கழுத்து நிறைய நகை, சுற்றிலும் இருபது ஆண்கள். எந்த இடத்தில் கையெழுத்து என்று ஒருவன் விரலை வைத்துக் காட்டினான், அவள் போட்டாள், அடுத்த பக்கம், போட்டாள். நிமிர்ந்தபோது செண்பகவல்லியைப் பார்த்துவிட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "நீங்கதானே அந்த எட்டு மணி சீரியல்ல பேசறவங்க? உங்க குரல்னா எனக்கு உசிருங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பேன்." அவள் கை ஈரமாக இருந்தது. "எனக்கு நாலு பேர் முன்னாடி பேசவே வராதுங்க. எப்படித்தான் பேசறீங்களோ!" எனக்கும் வராது என்று செண்பகவல்லி சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சுவரொட்டிகளில் அம்சவேணி கை கூப்பிக்கொண்டு ஒரு மூலையில் சின்னதாக இருக்கிறாள், பூபாலன் ஆள் உயரத்துக்கு. அவள் ஜெயித்தால் அவர் பேசுவார். நான் ஜெயித்தால் யார் பேசுவார்கள்? அதற்குள் போகாதே என்று மனசை இழுத்தாள், அது போனது. ஜெயித்துவிட்டால் என்று அது ஆரம்பித்தது. தோற்பதற்கு அவள் பயப்படவில்லை, அது இப்போதுதான் தெரிந்தது. ஜெயித்துவிட்டால் நாளைக்குக் காலையில் குழாயில் வருகிற எல்லாத் தண்ணீரும் அவளுடைய தண்ணீர். மூடாத சாக்கடையில் யார் விழுந்தாலும் அவள் தள்ளிவிட்டது போல. அதை விட்டுவிடத்தானே அந்தத் தாள்? தாள் பையில் இருக்கிறது, நீ இங்கே நிற்கிறாய், பதினாறு. பதினாறும் பிந்திவிட்டது. நீ வேண்டுமென்றே கெடுக்கிறாயா செண்பகம்? அந்த எண்ணம் வந்தவுடன் உடம்பு குப்பென்று வியர்த்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மணி என்ன என்று கேட்டால் தெரிந்துவிடும். கேட்டால் போக வேண்டும். கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு முடிவுதானே, இல்லை, அது முடிவாகுமா, தூங்குகிறவள் பஸ்ஸை விட்டால் அது அவள் எடுத்த முடிவா? தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவள் விட்டால்? திரையில் அந்தப் பெண் மறுபடி எழுந்து நின்றாள், மறுபடி, மறுபடி, ஒவ்வொரு தடவையும் அதே நாற்காலியிலிருந்து எழுந்து. எழுந்தவள் மறுபடி உட்கார்ந்திருந்தால்தானே மறுபடி எழுந்திருக்க முடியும்? லாரன்ஸ் படத்தைப் பின்னால் ஓட்டுகிறபோது அவள் உட்காருகிறாள். யாரும் அதைப் பார்ப்பதில்லை. பின்பக்கமாக, கண்ணீர் கன்னத்திலிருந்து கண்ணுக்குள் ஏற, வேகமாக, அவள் உட்காருகிறாள். பதினெட்டு. பத்தொன்பது.

இருபத்தி இரண்டாவது டேக்குக்குப் பிறகு டைரக்டரே உள்ளே வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, உடம்புக்கு ஏதும் முடியலையா?" "இல்ல சார்." "வீட்ல ஏதாவது?" அவள் ஹெட்போன் ஒயரை நேராக்கினாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "இந்த ஸீன்ல எனக்கும் ஒரு இடறல் இருக்கும்மா. மதுவந்தி சொல்லியிருப்பாங்க. ஆனா ஜனங்க அழுதுட்டு வெளிய போகணும். ஒரு பொம்பளை நாற்காலியில உக்காந்திருக்கிறப்ப படத்தை முடிச்சா, படம் முடிஞ்சிடுச்சான்னு கேப்பாங்க. இன்னும் ஏதோ நடக்கப்போகுதுன்னு உக்காந்திருப்பாங்க." "உக்காந்திருக்கட்டுமே சார்" என்றாள் செண்பகவல்லி. சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அவர் அவளை ஒருமாதிரி பார்த்தார். கோபமில்லை. "கடைசியா ஒண்ணு போயிடலாம்" என்று எழுந்து போனார். பீப், பீப், பீப். அவள் எதையும் எங்கேயும் வைக்கவில்லை, நெஞ்சிலும் இல்லை, மூக்கிலும் இல்லை. களைத்துப்போய், காய்கறி வண்டிக்காரரிடம் இன்னைக்குக் கத்தரிக்காய் வேண்டாம் என்று சொல்வது போல, "இந்த நாற்காலி எனக்கு வேண்டாம்" என்றாள். வேண்டாம் என்பதன் முடிவில் குரல் கீழே இறங்காமல் அப்படியே நின்றுவிட்டது. கேள்வி போல. வேண்டாமா? யாரோ தொடர்ந்து பேசப்போகிறார்கள் என்பது போல. "எனக்கு என் பிள்ளைங்க போதும்" என்றாள், அதுவும் அப்படியே நின்றது. அந்தப் பக்கம் மூன்று பேரும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவை திரும்பப் போட்டுக் கேட்டார்கள். மதுவந்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. பிறகு டைரக்டரின் குரல் வந்தது. "இது என்னன்னு எனக்குத் தெரியலை. நல்லா இருக்கான்னும் தெரியலை. லாரன்ஸ், ஆறாவது டேக்கையே வச்சுக்கலாம்."

ஆறாவது. அழுதது. சரி, பொங்கலுக்குப் படம் வந்ததும் தமிழ்நாடு முழுக்க அவள் அழுவாள், கோவில்பட்டியில்கூட அழுவாள். ஹெட்போனைக் கழற்றினாள், காது இரண்டும் சுட்டன. வெளியே வந்ததும் வரவேற்பறையின் வெளிச்சம் கண்ணில் குத்தியது. ஆவுடையப்பன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் கடிகாரம். மூன்று பன்னிரண்டு. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "வேலை இழுத்துட்டு அத்தான்." "ம்." "ஆளை விட்டு என்னைக் கூப்பிட்டிருக்கலாம்லா?" அவர் ஹெல்மெட்டின் வாரை மாட்டினார், கழற்றினார். "அந்தக் கண்ணாடிப் பொண்ணு ரெண்டு தடவை வந்து கேட்டுது. நிறுத்தி அனுப்பச் சொல்லவான்னு. ரெண்டரைக்கு ஒருக்கா, ரெண்டே முக்காலுக்கு ஒருக்கா." "நீங்க என்ன சொன்னிய?" "முடிச்சிட்டே வரட்டும்னேன்." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் வீரம் ஒன்றும் இல்லை. பயம் அப்படியே இருந்தது, காலையில் இருந்த அதே பயம். "ஏன் அப்படிச் சொன்னேம்னு எனக்கே தெரியல செண்பகம். இங்கனயே உக்காந்து யோசிச்சுப் பாத்துட்டேன். பூபாலன் நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வந்து கூரையைப் பிச்சாலும் பிப்பான். அதுவும் தெரியுது. ஆனா அந்தப் பொண்ணு வந்து கேக்கும்போது வாயில இதுதான் வருது." அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண் கலங்கியது. இரண்டில் எது நிஜம் என்று பார்க்க நேரமில்லை. பையை எடுத்துப் போனைப் போட்டதும் அது கையில் துடித்தது.

கைருன்னிசா. "எங்கக்கா போன நீ? எத்தினி வாட்டி அடிக்கறது? நீ வாபஸ் வாங்க வரப்போறேன்னு பூபாலன் ஆளுங்க இங்க மூணு மணிவரிக்கும் வாசலைப் பாத்துக்கினே நின்னானுங்க தெரியுமா?" மண்டல அலுவலகத்தின் இரைச்சலுக்கு நடுவில் அவள் மூச்சு வாங்கிப் பேசினாள். மனுவை முன்மொழிந்தவள் அவள்தான், அதனால் காலையிலிருந்து அங்கேயே கிடக்கிறாள். "இப்ப சின்னம் குடுக்கறாங்க. நாம எழுதிக் குடுத்தது மூணும் வேற ஆளுங்களுக்குப் பூட்ச்சு. மிச்சம் இருக்கறது வைரம், கேரம் போர்டு, ரோடு ரோலர். எதுன்னு உடனே சொல்லணுமாம். இன்னா சொல்லட்டும்?" செண்பகவல்லி வீட்டுக்காரரிடம் திரும்பிச் சொன்னாள். அவர், "வைரம் நல்லா இருக்குமே, பொம்பளையளுக்குப் பிடிக்கும்" என்றார் மெதுவாக, ஏதோ ஒன்றைத் தாமும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது போல. அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இருபத்து மூன்று தடவை பேசிய தொண்டை, ஒரு சொல் எழும்பவில்லை. "ரோடு ரோலர்" என்றாள், பாதி காற்றாக. "இன்னாது?" "ரோடு ரோலர்." "கேக்கலக்கா, இங்க ஒரே கூச்சலா கீது, கத்தி சொல்லு." அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். படியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே ஆட்டோக்காரர் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். இது சரிதானா என்று அப்போதும் தெரியவில்லை. மூச்சை இழுத்து, எங்கே வைப்பது என்று பார்க்காமல், இருந்த சத்தத்தையெல்லாம் கூட்டிக் கத்தினாள். குரல் நடுவில் கீறி இரண்டாகப் பிளந்து போனது, எந்தத் தியேட்டரிலும் எவரும் ஓகே சொல்லமாட்டார்கள். ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் கைருன்னிசா யாரிடமோ எதையோ சொன்னாள். பிறகு ஒரு ஆணின் குரல், காலையிலிருந்து எழுதி எழுதி அலுத்துப்போன குரல், போனுக்கு வெகு அருகில் வந்து சொன்னது.

"கேட்டுச்சு, கேட்டுச்சும்மா. எழுதியாச்சு."